ரிப்பீட்டருக்கு டோன் வைத்த கோடை

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வீட்டிலும் சொல்வார்கள், நான் வேலை பார்க்கும் பாலிடெக்னிக் லேபிலும் சொல்வார்கள். ஆகவே அந்தக் கோடையில் யார் யார் மீது எரிந்து விழுந்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. அதில் பாதி நியாயமான கோபம். மீதிக்குப் புதுச்சேரி லாஸ்பேட்டை வெயில்தான் பொறுப்பு.

நாங்கள் கொஞ்சம் பேர் சேர்ந்து ஒரு வயர்லெஸ் கிளப் வைத்திருக்கிறோம். கிளப் என்றதும் டென்னிஸ் கோர்ட்டையெல்லாம் கற்பனை செய்ய வேண்டாம். அரசாங்கப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, பொழுதுபோக்காக வயர்லெஸ்ஸில் பேசுகிறவர்கள், அவ்வளவுதான். கையில் வைத்துப் பேசும் செட்டுக்குத் தனியாக அதிக தூரம் போகும் தெம்பு கிடையாது. நடுவில் நாலு மாடிக் கட்டடம் ஒன்று வந்தாலே திணறிவிடும். அதற்காக லாஸ்பேட்டையில் எங்கள் உறுப்பினரான பல் டாக்டர் ஒருவரின் கிளினிக் மொட்டை மாடியில் ரிப்பீட்டர் வைத்திருக்கிறோம். நாம் ஒரு அலைவரிசையில் பேசுவதை அது வாங்கி, அதே நொடியில் வேறொரு அலைவரிசையில் ஊர் முழுக்கக் கேட்கும்படி திருப்பிச் சொல்லும். டாக்ஸிக்காரர்கள் கழித்துப் போட்ட பழைய செட்டுகள் இரண்டைச் சேர்த்துக் கட்டியது. அதற்கு வயசு அதிகம், பராமரிக்கிறவள் நான்.

காலையில் எல்லோரையும் ரேடியோவில் கூப்பிட்டு ஒவ்வொருவராக விசாரிக்கும் வேலை ஓர் அக்காவுடையது. முத்தியால்பேட்டையில் தனியாக இருக்கிறார். ஒரு ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். அந்தக் குரலுக்கு இன்னும் வயசாகவில்லை. கம்பியே இல்லாத ரேடியோவில் "லைன்ல இருங்க, லைன்ல இருங்க" என்று எங்களை நிறுத்தி வைப்பார், நாங்களும் மரியாதையாக நிற்போம். கணவர் போன பிறகு துக்கத்தில் சுருண்டு படுக்காமல் பரீட்சைக்குப் படித்து லைசென்ஸ் வாங்கியவர். சர்ச் பூசைக்குப் போகத் தவறினாலும் தவறுவார், காலைக் கூப்பாட்டைத் தவறவிட மாட்டார்.

அக்காவுக்குக் கண்ணில் நடுப்பார்வை போய்விட்டது. ஓரத்தில் தெரியும், நேரே பார்த்தால் மங்கல். அதனால் மொபைல் அவருக்கு வழவழவென்ற ஒரு கண்ணாடித் துண்டு, எங்கே தொட்டால் யாருக்குப் போகும் என்று அவருக்கே தெரியாது. பிரான்சில் இருக்கும் மகனைக் கூப்பிட நினைத்துக் கேஸ் ஏஜென்சிக்குப் போட்டுத் திட்டு வாங்கியிருக்கிறார். வயர்லெஸ் செட்டில் அந்தத் தொல்லை இல்லை. பக்கவாட்டில் ஒரே பட்டன், விரல் தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். அழுத்தினால் ஒருவருக்கு இல்லை, எங்கள் எல்லோருக்கும் கேட்கும். அவர் வைத்திருப்பது மிகப் பழைய செட். அதைத் துணிப்பை ஒன்றில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டேதான் வீட்டு வேலை எல்லாம் செய்வார். அவர் தனியாக இருப்பதற்கு மகன் சம்மதித்திருந்ததே இந்த ஏற்பாட்டை நம்பித்தான்.

ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில் ஒரு மதியம், அக்கா கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்தார்.

விழுந்ததும் பட்டனை அழுத்தி எங்களைக் கூப்பிட்டிருக்கிறார். ரிப்பீட்டர் வேலை செய்தது. அவர் குரலை வாங்கி ஊர் முழுக்கச் சொல்லவும் செய்தது. ஆனால் அதைக் கேட்க ஆள் இல்லை. எல்லோர் செட்டும் ஆனில்தான் இருந்தது, எல்லோரும் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தோம்.

ஏன் என்றால், கடலோரத்தில் கோடை வந்தால் வயர்லெஸ்காரர்களுக்கு ஒரு சனியன் பிடிக்கும். கடல் மேல் சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் அடுக்கடுக்காகப் படிந்து நிற்கும்போது, ரேடியோ அலை அதன் அடியிலேயே வழுக்கிக்கொண்டு எங்கேயோ இருந்து வந்து சேரும். எங்கள் அலைவரிசையிலேயே வெகு தூரத்து ஊர் ஒன்றில் இன்னொரு ரிப்பீட்டர் இருக்கிறது. மற்ற மாதங்களில் அது இருப்பதே எங்களுக்குத் தெரியாது. கோடையில் அது நடுக்கூடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த ஊர்க்காரர்கள் நல்லவர்கள்தான், ஆனால் வாய் ஓயாதவர்கள். போர் மோட்டார் ரிப்பேர், அத்தை மகள் நிச்சயதார்த்தம், எந்த ஹோட்டலில் சாம்பார் தேவலை என்று பகல் முழுக்கப் பேச்சு. பல் டாக்டர் கிளினிக்கில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கும் நோயாளிக்கு எதற்கு சாம்பார் கதை? அவர் சத்தத்தைக் குறைத்தார். நான் லேபில் குறைத்தேன். அக்கா வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் எங்கள் ஆள் ஒருவர் இருக்கிறார், அவரும் குறைத்தார். கோடை வந்தால் வால்யூம் குமிழியைத் திருகுவது எங்கள் எல்லோருக்கும் கைப்பழக்கமாகிவிட்டிருந்தது.

அக்கா கூப்பிட்டுப் பார்த்து, யாரும் வராமல், துவைக்கிற கல்லைப் பிடித்துத் தானே எழுந்து, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய், மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டு வந்தார். மறுநாள் காலை ஒன்றும் நடக்காத மாதிரி எல்லோரையும் கூப்பிட்டு விசாரித்து முடித்தார். முடித்த பிறகு கேட்டார்.

"எல்லாரும் இருக்கீங்க. சந்தோசம். நேத்து மதியம் எங்க போயிருந்தீங்க?"

விஷயத்தை அவர் சொல்லி முடித்தார். வழக்கமாக ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்து பேசும் கூட்டம் நாங்கள், அன்றைக்கு யாரும் பட்டனைத் தொடவில்லை.

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். அதற்குள் பக்கத்து வீட்டு வழியாகச் செய்தி பிரான்சுக்குப் போய்விட்டிருந்தது. ஈஸ்டருக்கு வருகிறேன், திரும்பும்போது உன்னையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று மகன் சொல்லிவிட்டாராம். அக்காவுக்கும் சேர்த்து டிக்கெட் போட்டாகிவிட்டது. பாரிசுக்கு வெளியே, லிஃப்டில் ஏறிப் போகிற வீடு. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள்.

"அங்க போனா சன்னலுக்குப் பக்கத்துல சேர் போட்டுக் குடுப்பான். நல்லா பாத்துக்குவான், பாத்துக்க மாட்டான்னு சொல்லல. ஆனா எனக்கு சன்னல்ல இன்னாடி தெரியும்? கண்ணே தெரியாதவளுக்கு சன்னல் எதுக்கு?" என்றார் அக்கா. கொஞ்ச நேரம் கட்டுப் போட்ட கையைத் தடவிக்கொண்டிருந்தார். "இந்த வீட்ல எல்லா எடமும் என் கைக்குத் தெரியும். நான் இங்கயே இருக்கணும். உன் மிஷினை சரி பண்ணு."

"மிஷின் சரியாதான்க்கா இருக்கு. நாங்கதான்..."

"யாரோ ஒண்ணு. சரி பண்ணு."

பல் டாக்டர் மாடியில் கூடினோம். அலைவரிசையையே மாற்றலாம் என்றார் ஒருவர். அதற்கு அனுமதி வாங்குவதற்குள் மகன் வந்து கூட்டிக்கொண்டு போய், அக்கா பிரெஞ்சே கற்றுக்கொண்டிருப்பார் என்றேன். செய்யக்கூடியது ஒன்றுதான். ரிப்பீட்டர் பேசும் ஒவ்வொரு பேச்சுக்கும் அடியில் ஒரு மெல்லிய டோனைச் சேர்த்து அனுப்புவது. அது மிகக் கீழான சுருதி, அளவாக வைத்தால் மனிதர் காதில் விழாது. ஆனால் கேட்கிற செட்டுக்கு அது தெரியும். அந்த டோன் இருந்தால் வாயைத் திற, இல்லாவிட்டால் மூடிக்கொண்டிரு என்று செட்டுக்குச் சொல்லி வைத்துவிடலாம். தூரத்து ஊர்க்காரர்கள் தொண்டை கிழியப் பேசினாலும் எங்கள் செட்டுகள் சும்மா கிடக்கும். எங்கள் ரிப்பீட்டர் பேசினால் மட்டும் திறக்கும். அப்புறம் யாரும் சத்தத்தைக் குறைக்க வேண்டிய அவசியமே இல்லை.

டாக்டருக்கு இது போதவில்லை. உள்ளே வருகிற பேச்சுக்கும் டோன் கட்டாயம் என்று வைத்துவிடலாம், டோன் இல்லாமல் வருகிறவர்களை ரிப்பீட்டர் சேர்க்கவே கூடாது என்றார். பெரிய ஊர்களில் எல்லாம் அப்படித்தானாம்.

"அக்காவோட செட்டுக்கு டோன் அனுப்பவே வராது, டாக்டர். அவங்க வாங்கினப்ப அதெல்லாம் தனி போர்டு. அவங்களுக்காகத்தான் இந்தக் கூத்தே. அவங்களையே வெளிய நிறுத்தறீங்களா?" கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டுவிட்டேன். கீழே கிளினிக்கில் இருந்த நர்ஸ் மாடிப்படி வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"புது செட்டு வாங்கிக் குடுத்துடலாமே?" என்றார் டாக்டர்.

"குடுத்துப் பாருங்க. அதுல இருக்கற பட்டனுங்கள அவங்க கைக்குப் பழக்கறதுக்கே ஒரு வருசம் ஆவும்," என்றார் காயில் கடைக்காரர். அவர் குறைவாகப் பேசுகிறவர் என்பதால் விவாதம் அதோடு முடிந்தது. வெளியே போகும் பேச்சுக்கு மட்டும் டோன், உள்ளே வரும் வழி எப்போதும் போல் திறந்திருக்கும் என்று முடிவானது.

எந்த டோன் என்பதில் அடுத்த சண்டை. பட்டியலில் நொடிக்கு அறுபது சொச்சம் அதிர்விலிருந்து இருநூறைத் தாண்டி வரைக்கும் இருக்கிறது. ஒருவர் தன் வண்டி நம்பரோடு ஒத்துப்போவதைக் கேட்டார். இன்னொருவருக்குக் கூட்டுத்தொகை எட்டு வரக் கூடாதாம். கடைசியில் முழுசாக நூறு என்று வைத்தால் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும் என்று கைதூக்கிவிட்டோம். நானும்தான் தூக்கினேன்.

டோன் உண்டாக்கும் போர்டு தீப்பெட்டி அளவுதான். பழைய ரிப்பீட்டருக்குள் அதைக் குடிவைப்பதுதான் பெரிய பாடு. முதலில், மைக் பேச்சு உள்ளே போகும் கம்பியிலேயே அதைச் சேர்த்தேன். சுலபமான வழி என்பதால் அது வேலை செய்யவில்லை. அந்தக் காலத்து செட்டைச் செய்தவர்கள், மனிதக் குரலுக்குக் கீழே இருக்கிற எதுவும் வேண்டாத இரைச்சல் என்று எண்ணி, அதை வழியிலேயே வடிகட்டிவிடும்படி செய்திருந்தார்கள். என் டோன் ஒரு பக்கம் போனது, மறுபக்கம் வரவே இல்லை. அப்படியானால் வடிகட்டியை எல்லாம் தாண்டி, அலைவரிசையையே பிறப்பிக்கும் கிரிஸ்டலின் காலடியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கிரிஸ்டலுக்கும் அதன் தகரக் கவசத்துக்கும் நடுவில் சாலடரிங் அயர்ன் நுழையவே இடமில்லை. அங்கே ஒரு குட்டி டயோடைப் பற்றவைத்து, அதன் வழியாக டோனைக் கொடுத்தால் கிரிஸ்டல் இம்மியளவு அசைந்து கொடுக்கும். அந்த அசைவு போதும்.

டாக்டர் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அன்றைக்குத்தான் போனது. நெற்றியில் கட்டும் விளக்கைக் கட்டிக்கொண்டு, பல்லின் பின்பக்கம் பார்க்கும் கம்பிக் கண்ணாடியைக் கொண்டுவந்து, போர்டின் அடியில் நீட்டிப் பிடித்தார். கண்ணுக்குத் தெரியவே தெரியாது என்று நான் நினைத்த இணைப்பு பளிச்சென்று தெரிந்தது. "கொஞ்சம் அகலமா திறங்க," என்று என்னை அறியாமல் நான் சொல்ல, "அது என் டயலாக்," என்றார். இரண்டு பேரும் வெந்நீர்க் கொப்பரை போன்ற அந்த மாடி அறையில் வியர்வை வழியச் சிரித்தோம்.

டோன் முதலில் அதிகமாகிவிட்டது. எல்லோர் பேச்சுக்கும் அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். "இன்னாம்மா, எல்லாரும் குளவிக்கூட்டுக்குள்ள உக்காந்து பேசறீங்க?" என்று காயில் கடைக்காரர் கடையிலிருந்தே கேட்டார். திருகாணியை நூல் நூலாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். முனகல் காதுக்கு மறைந்து, செட்டுக்கு மட்டும் தெரிகிற இடம் ஒன்று வந்தது. அங்கே நிறுத்தி நெயில் பாலிஷ் வைத்து ஒட்டினேன்.

எல்லோரும் தங்கள் செட்டில் நூறை வைத்தார்கள். கோடையில் முதல் தடவையாக என் லேப் அமைதியாக இருந்தது. சந்தோஷம் தாங்காமல் அக்கா வீட்டுக்கு ஓடிப்போய் விளக்கினேன்.

"அப்ப இது எக்ஸ்டென்சன் நம்பரு மாதிரி. லைன் ஒண்ணுதான், ஆனா நம்ம நம்பரு வந்தா மட்டும் நம்ம மேசையில மணி அடிக்கும்," என்றார் அக்கா.

"அதேதான்க்கா. ஆனா உங்க செட்டுல அந்த வசதி இல்ல. உங்களுக்கு மட்டும் அந்த ஊர்க்காரங்க சத்தம் கேட்டுக்கிட்டுதான் இருக்கும்."

"கேக்கட்டும். அவங்க அத்த மக நிச்சயதார்த்தம் இன்னா ஆச்சுன்னு எனக்கும் தெரிய வேணாமா? நான் கேக்கறது முக்கியம் இல்லடி. நீங்க கேக்கணும்."

ஈஸ்டருக்கு முந்தைய நாள் மகன் வந்தார். என் வயசுக்காரர்தான். மெலிந்த, பொறுமையான மனிதர். விசிலடிக்கிற மாதிரி மெல்லிய குரல். அவர் அடாவடிக்காரராக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், சண்டை போட்டிருப்பேன். பண்டிகை முடிந்து இரண்டொரு நாளில் அக்கா என்னை விளக்கிச் சொல்ல வரச் சொன்னார். கூடத்தில் உட்கார்ந்து, டோன் என்றால் என்ன, இனிமேல் எங்கள் செட்டில் வெளியூர்ச் சத்தம் ஏன் வராது என்றெல்லாம் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தேன். மகன் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது மேசை மேல் நான் வைத்திருந்த என் செட் தானாகத் திறந்துகொண்டது. "அந்த மோட்டாரை நான் அப்பவே மாத்தச் சொன்னேன் பங்காளி," என்று முழுச் சத்தத்தில் அந்த ஊர்க்காரர் பேசினார்.

நான் குமிழியைத் திருகினேன். திருகிய கையை மகன் பார்த்தார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"நீங்க எல்லாம் எவ்ளோ சிரமப்படறீங்கன்னு தெரியுது. மெர்சி. நெஜமாவே நன்றி," என்றார் மகன். "ஆனா மறுபடி சத்தத்த குறைப்பீங்க. குறைக்காம இருக்க முடியாது. நான் அங்க ஆபீஸ்ல உக்காந்துகிட்டு, அம்மா கொல்லையில கெடக்கறாங்களோன்னு நெனைச்சிக்கிட்டே இருக்கணும். ஞாயித்துக்கெழமை கெளம்பறோம்."

அக்கா எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விட்டார்.

ஸ்கூட்டரை எப்படி ஓட்டிக்கொண்டு லாஸ்பேட்டை வந்தேன் என்று தெரியாது. சிக்னலில் என்னைப் பார்த்து ஹார்ன் அடித்தவரை நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. டாக்டர் மாடிக்கு வந்ததும் ரிப்பீட்டரைத் திறந்து ஒவ்வொன்றாகச் சோதித்தேன். டோன் சரியாக இருந்தது. நெயில் பாலிஷ் அசையவில்லை. என் செட்டும் சரியாக இருந்தது. எல்லாமே சரி, ஆனால் அந்த ஊர்க்காரர் மட்டும் என் செட்டுக்குள் வந்துகொண்டே இருந்தார்.

நோயாளி ஒருவரை முடித்துவிட்டு டாக்டர் மேலே வந்தார். சும்மா நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், "அவர் பேசறப்ப பின்னாடி ஏன் இப்படி ரீங்காரம் போடுது? நம்மளது அப்படி இல்லையே?" என்றார்.

நெற்றியில் அடித்துக்கொண்டேன். நிஜமாகவே அடித்துக்கொண்டேன், வலித்தது.

நம் நாட்டு வீட்டுக் கரண்ட் நொடிக்கு ஐம்பது தடவை ஆடுகிறது. அதை செட்டுக்கு ஏற்ற மாதிரி மாற்றும்போது அந்த ஆட்டம் இரட்டித்து நூறாகும். அதைச் சமனாக்கும் கெபாசிட்டர் காய்ந்துபோனால், அந்த நூறு பேச்சோடு சேர்ந்து வெளியே வரும். அந்த ஊர் ரிப்பீட்டரின் பவர் சப்ளையில் கெபாசிட்டர் இந்தச் சில நாளில்தான் சாகத் தொடங்கியிருக்க வேண்டும். நாங்கள் கூட்டம் போட்டு, எட்டைத் தள்ளி, வண்டி நம்பரைத் தள்ளி, ஞாபகம் இருக்கட்டும் என்று தேர்ந்தெடுத்த அதே நூறு, அவர்கள் பேச்சில் இலவசமாக ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் செட்டுகள் பாவம், நம்மவர்தான் என்று எண்ணிக் கதவைத் திறந்துவிட்டிருக்கின்றன.

பட்டியலில் கரண்டோடு எந்த உறவும் இல்லாத எண்ணாகப் பார்த்து, எண்பத்தெட்டரை என்று மாற்றினேன். போர்டில் குட்டி ஸ்விட்சுகள் சிலவற்றை மேலும் கீழும் தள்ள வேண்டியதுதான். ஆனால் எல்லோர் செட்டிலும் மறுபடி மாற்ற வேண்டும். எப்படி மாற்றுவது என்று பாதிப் பேருக்கு மறந்துவிட்டிருந்தது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கருவடிக்குப்பம், முத்தியால்பேட்டை என்று வீடு வீடாகப் போய் நானே செட்டை வாங்கி மாற்றிக் கொடுத்தேன். "இனிமே இந்தக் குமிழியில யாராவது கைய வச்சீங்க, அப்புறம் நடக்கறதே வேற," என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்லிவிட்டு வந்தேன். அன்று முழுக்க என் செட்டிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. டோனை நீக்கிக் கேட்டுப் பார்த்தால் அந்த ஊர்க்காரர்கள் ஜோராகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

காலைக் கூப்பாட்டில் அக்காவிடம் சொன்னேன். "சரிடி," என்றார். அவ்வளவுதான். இன்னொரு தடவை மகனிடம் போய் விளக்க எனக்கு முகம் இல்லை. விளக்கித்தான் என்ன? முதல் தடவையும் நன்றாகத்தானே விளக்கினேன்.

வெள்ளிக்கிழமை பாலிடெக்னிக்கில் செய்முறைப் பரீட்சை. வெளியூரிலிருந்து பரீட்சை எடுக்க வந்தவர் என் மேசையில் உட்கார்ந்து மார்க் போட்டுக்கொண்டிருந்தார். என் செட் அலமாரி மேல், குமிழி முழுசாகத் திறந்தபடி, வாய் மூடிக் கிடந்தது. அதிலிருந்து அக்காவின் குரல் அந்த அறையையே உலுக்கியது.

"நான்தான் பேசறேன். யாருக்குக் கேக்குதோ, வீட்டுக்கு வாங்க."

வேறு ஒரு வார்த்தை இல்லை. பதிலுக்குக் கூப்பிட்டேன், அவர் பேசவில்லை. பரீட்சைக்காரர் "என்ன மேடம்..." என்று தொடங்குவதற்குள் நான் செட்டோடு படியில் இறங்கிக்கொண்டிருந்தேன்.

அந்த வழி முழுக்க என் மனசில் துவைக்கிற கல் மட்டும்தான் இருந்தது. வேளாங்கண்ணி மாதா, மாரியம்மா என்று கையில் கிடைத்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். முத்தியால்பேட்டைக்குள் திரும்பும்போது வண்டி ஒரு தள்ளுவண்டியை உரசிவிட்டது. மன்னிப்புக் கேட்கக்கூட நிற்கவில்லை.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஓடினேன். காயில் கடைக்காரர் ஏற்கெனவே அங்கே இருந்தார், பனியனெல்லாம் வார்னிஷ். கருவடிக்குப்பத்திலிருந்து கணவனும் மனைவியுமாக எங்கள் உறுப்பினர்கள் இரண்டு பேர். அப்புறம் இன்னும் மூன்று நாலு பேர். எனக்குப் பின்னாலேயே பல் டாக்டர், மாஸ்க் தாடைக்குக் கீழே தொங்க, கையுறையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார். நடுவில் நாற்காலியில், நல்ல புடவை கட்டிக்கொண்டு, அக்கா உட்கார்ந்திருந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை.

"என்னக்கா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவலையே. கூப்ட்டேன், வந்தீங்க."

எனக்கு வந்த கோபத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பரீட்சையைப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன், வழியெல்லாம் செத்துப் பிழைத்து வந்திருக்கிறேன், உங்களுக்கு விளையாட்டா, இனிமேல் நிஜமாகவே விழுந்தால் யார் நம்புவார்கள் என்று கத்தினேன். டாக்டர் தன் பங்குக்கு, பாதி தோண்டிய பல்லோடு ஒரு மனுசன் நாற்காலியில் இருக்கிறார் என்றார். அக்கா முகத்தைக் கொஞ்சம் சாய்த்து, ஓரப் பார்வையால் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோச்சிக்காதீங்க. நான் விழுந்தேன்னு சொல்லல, பொய் சொல்லல. வாயால சொன்னா அவன் நம்ப மாட்டான். எனக்கு வேற வழி தெரியல," என்றார். அப்போதுதான் அவர் விரல்கள் மடியில் ஒன்றையொன்று பிடித்து நெரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். எங்களில் யாரும் வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எங்கள் யாரையும் விட அவர் அதிகமாக நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். என் கோபம் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது.

மகன் அந்த நேரம் நேரு வீதிக்குப் போயிருந்தார், அம்மாவுக்கு ஸ்வெட்டர் வாங்க. புதுச்சேரி சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் தேடிப் போன ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார். அவர் தெருமுனையில் திரும்பும்போதே வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளைப் பார்த்திருக்கிறார். நம் ஊரில் ஒரு வீட்டு வாசலில் பகல் நேரத்தில் அத்தனை செருப்பு கிடந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எத்தனை வருஷம் பிரான்சில் இருந்தாலும் மறக்காது.

"அம்மா!" என்று அவர் கத்திக்கொண்டு ஓடிவந்த குரல் மெல்லிய குரலே இல்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தவர், நாற்காலியில் அக்காவைப் பார்த்ததும் அப்படியே நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

"எனக்கு ஒண்ணும் இல்லடா," என்றார் அக்கா உடனே. "பட்டனை அழுத்தினேன். இவங்க வந்தாங்க. அவ்ளோதான்."

மகன் எங்களைப் பார்த்தார். காயில் கடைக்காரரின் வார்னிஷைப் பார்த்தார். டாக்டரின் கையுறையைப் பார்த்தார். அழுது வீங்கின என் மூஞ்சியைப் பார்த்தார்.

"எப்ப கூப்ட்டாங்க?" என்று காயில் கடைக்காரரைக் கேட்டார்.

"இப்பதான் தம்பி. மோட்டார் ஓடிக்கிட்டிருந்துச்சு, அதையும் மீறி கேட்டுச்சு. அப்படியே போட்டுட்டு வந்தேன்."

மகன் சுவரில் சாய்ந்துகொண்டார். அக்காவின் இடுப்பில் இருந்த பழைய செட் மட்டும், டோன் தெரியாத அந்த அப்பாவி, வெளியூர்ச் சங்கதியை மெல்லிய சத்தத்தில் பேசிக்கொண்டிருந்தது. மகன் அதைக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு என்னிடம், "இது உங்களுக்கு இப்ப கேக்கலயா?" என்றார். என் செட்டைத் தூக்கிக் காட்டினேன். குமிழி கடைசி வரை திறந்திருந்தது. அது ஒன்றும் பேசவில்லை.

அவர் கண்ணை மூடித் திறந்தார்.

"நான் மட்டும் போறேம்மா," என்றார்.

அக்கா விழுந்த அன்றைக்கும் அழவில்லை, கணவர் போன கதையைச் சொன்ன அன்றைக்கும் அழவில்லை. இப்போது கட்டுப்போட்ட கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மகன் போய்ப் பக்கத்தில் மண்டியிட்டார். நாங்கள் எல்லோரும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் காலண்டரையும் மின்விசிறியையும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கொஞ்ச நேரத்தில் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னாடா மொகத்தையே பாத்துக்கிட்டு கெடக்கற? இத்தினி பேரு வந்திருக்காங்க, காபி போட வேணாமா? போய் பால் வாங்கிட்டு வா."

மகன் எழுந்து, ஸ்வெட்டர் பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல், அதையும் தூக்கிக்கொண்டு பால் வாங்கப் போனார்.